பூத்தால் போதுமா? இங்கிலாந்தின் லேடீஸ் ஸ்லிப்பர் ஆர்கிட்: ஒரு நிகழ்வு ஆய்வு

அரிய செடி ஒன்றை வளர்ப்பவரிடம் எல்லோரும் முதலில் கேட்பது "பூத்துதா?" என்பதைத்தான். மர நிழலில் வாழும் பல்லாண்டுச் செடிகளைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி நம்மைத் திசைதிருப்பிவிடும் என்பது என் கருத்து. அதற்கு லேடீஸ் ஸ்லிப்பர் ஆர்கிட்டைவிடப் பொருத்தமான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. தாவரவியலில் சைப்ரிபீடியம் கல்சியோலஸ் என்று பெயர். பிரிட்டனில் இது அற்றுப்போய்விட்டதாக 1917இல் முடிவுகட்டினார்கள். 1930இல் வடக்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் டேல்ஸ் பகுதியில் ஒரே ஒரு செடி கண்ணில் பட்டது. ஆய்வகத்தில் வளர்த்த நாற்றுகளை 1989இல் காட்டுக்குள் நட ஆரம்பித்தார்கள். அவற்றில் ஒன்று முதன்முதலாகப் பூத்தது 2000இல். மனிதர் கை படாமல் தானாக விதை விழுந்து ஒரு புதுச் செடி முளைத்திருப்பதாகச் செய்தி வந்தது 2025இல். கடைசி இரண்டு தேதிகளுக்கும் நடுவே இருக்கும் கால் நூற்றாண்டில்தான் விஷயமே இருக்கிறது.

உலக அளவில் இது அழிவின் விளிம்பில் நிற்கும் செடி இல்லை என்பதையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். மேற்கு ஐரோப்பாவிலிருந்து ரஷ்யா வழியாகக் கிழக்காசியா வரை பரவியிருக்கிறது. ஸ்வீடனிலும் எஸ்டோனியாவிலும் இன்றும் கூட்டமாகப் பூக்கும் காடுகள் உண்டு. அந்தப் பரப்பின் வடமேற்கு ஓரம்தான் பிரிட்டன். ஓரத்தில் வாழும் செடிக்கு எப்போதுமே பிடிமானம் கொஞ்சம்தான். நடுப்பகுதியில் தாங்கிக்கொள்ளும் சிறு இழப்பை ஓரத்தில் தாங்காது.

செடியின் வாழ்க்கை

குளிர்காலத்தில் மண்ணுக்கு மேல் எதுவும் தெரியாது. மேல்மண்ணுக்குச் சற்றே கீழே வேர்த்தண்டு ஒன்று கிடைமட்டமாகப் படுத்திருக்கும். அதிலிருந்து கயிறு போன்ற வேர்கள் ஆழமாகப் போகாமல் பக்கவாட்டில் ஓடும். வசந்தத்தில் குருத்து கிளம்பி, மடிப்பு மடிப்பான மூன்று முதல் ஐந்து இலைகள் விரியும். மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ ஒரு தண்டில் ஒரு பூ, அபூர்வமாக இரண்டு. கருஞ்சிவப்பு இதழ்கள் முறுக்கிக்கொண்டு நிற்க, நடுவில் மஞ்சள் பை. பார்த்தவர் எடுத்துப்போக ஆசைப்படும் பூ. செடிக்கு வந்த வினையே அதுதான்.

அந்தப் பையில் தேன் கிடையாது. நிறத்துக்கும் மணத்துக்கும் ஏமாந்து சிறு மண்தேனீக்கள் உள்ளே விழும். பையின் உள்விளிம்பு வழுக்கும் என்பதால் வந்த வழியே ஏற முடியாது. பின்பக்கம் உள்ள இரண்டு குறுகிய வாய்கள் வழியாக நெருக்கிக்கொண்டு வெளியேறும்போது முதலில் சூல்முடியில் உரசும், பிறகு முதுகில் மகரந்தம் ஒட்டும். தேனீ பெரிதாக இருந்தால் சிக்கிக்கொள்ளும். மிகச் சிறிதாக இருந்தால் எதிலும் படாமல் தப்பிவிடும். அதனால் செழிப்பான காட்டில்கூடப் பூக்களில் சிறுபங்குதான் காய்க்கும். ஒற்றைச் செடி நிற்கும் இடத்தில் நிலைமை என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். மகரந்தத்தைச் சுமந்து வந்த தேனீ அடுத்துப் போய் விழ இன்னொரு செடியே இல்லை.

காய் பிடித்துவிட்டால் விதைக்குப் பஞ்சமில்லை. ஒரு காயில் ஆயிரக்கணக்கில் இருக்கும். ஆனால் அவை தூசி. நெல்லிலோ பயறிலோ முளைக்கு ஊட்டக் கூடவே இருக்கும் உணவுச் சேமிப்பு இந்த விதையில் கிடையாது. மண்ணில் வாழும் குறிப்பிட்ட பூஞ்சை ஒன்று உள்ளே நுழைந்து ஊட்டினால்தான் முளை உயிர் பிழைக்கும். பிழைத்தாலும் சில ஆண்டுகள் இலையே இல்லாமல் மண்ணுக்குள் கிடக்கும். முதல் இலை வெளியே வந்த பிறகு பூக்க இன்னும் பல ஆண்டுகள். பூக்கத் தொடங்கிவிட்டால் அதே இடத்தில் பல பத்தாண்டுகள் நிலைத்திருக்கும். பிறப்பது அரிது, சாவதும் அரிது என்ற கணக்கில் வாழும் செடி. இந்த வகைச் செடியைத் தோண்டி எடுப்பதும் வெண்டைச் செடியைப் பிடுங்குவதும் ஒன்றல்ல. போன இடத்தை நிரப்ப ஒரு தலைமுறை ஆகும்.

தோட்டங்கள் தின்ற செடி

இது காணாமல் போனதற்குக் காடழிப்பும் ஆட்டு மேய்ச்சலும் காரணங்கள். அதில் சந்தேகமில்லை. ஆனால் கடைசி அடி கொடுத்தவர்கள் தோட்டக்காரர்கள்தான். 17ஆம் நூற்றாண்டில் லண்டனில் இருந்த தாவரவியலாளர் ஜான் பார்க்கின்சன், இங்கிள்பரோ மலைக்கருகில் ஒரு காட்டில் இது வளர்வதாக எழுதினார். ஹார்ன்பி கோட்டைப் பக்கம் வசித்த தாமசின் டன்ஸ்டால் என்ற அம்மையார் அதன் கிழங்குகளைத் தனக்கு அடிக்கடி அனுப்பினார் என்றும், அவை தன் தோட்டத்தில் அழகாகப் பூத்தன என்றும் நன்றியோடு குறித்திருக்கிறார். அடிக்கடி அனுப்பினார் என்பதைக் கவனிக்க வேண்டும். முதலில் போனவை லண்டனில் தழைத்துப் பெருகியிருந்தால் மறுபடி மறுபடி அனுப்ப வேண்டிய தேவை என்ன? அவர் அப்படிச் சொல்லவில்லை, நான்தான் ஊகிக்கிறேன். ஆனால் நிழல் தோட்டம் வைத்திருக்கும் யாருக்கும் இந்தக் கதை புதிதாக இராது. கொண்டுவந்த கிழங்கில் சேமிப்பு இருக்கும் வரை பூக்கும், பிறகு ஆண்டுக்காண்டு இளைக்கும்.

18, 19ஆம் நூற்றாண்டுகளில் அது வியாபாரமாகவே ஆகிவிட்டது. டேல்ஸ் பகுதிச் சந்தைகளில் கிழங்கோடு விற்றார்கள். உலர்த்தி ஏட்டில் ஒட்டிவைக்கும் தாவரவியல் அன்பர்களும் தம் பங்குக்குப் பிடுங்கினார்கள். குறைய ஆரம்பித்ததும் விலை ஏறியது. விலை ஏறியதும் தேடல் கூடியது. இங்கிள்பரோ அடிவாரத்துக் கிளாபம் கிராமத்தில் வளர்ந்த ரெஜினால்டு ஃபாரர், பாறைத் தோட்டக் கலையை இங்கிலாந்தில் பரப்பியவர், தன் ஊர்க் காடுகளில் இந்தச் செடி சூறையாடப்பட்டதை ஆத்திரத்தோடு எழுதினார். அவர் இறந்தது 1920இல். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே செடி போய்விட்டதாக ஊர் முடிவுகட்டியிருந்தது.

காவல் காத்த ஆண்டுகள்

1930இல் கண்டெடுத்த செடியைப் பற்றிக் கண்டவர்கள் வாயைத் திறக்கவில்லை. இடத்தின் பெயர் இன்றுவரை வெளியே சொல்லப்படவில்லை. பல பத்தாண்டுகள் ஒரு சிலரின் மௌனம் மட்டுமே அதற்கு வேலி. 1970இல் சைப்ரிபீடியம் குழு என்று ஒன்று அமைந்தது. பூக்கும் பருவத்தில் இரவும் பகலும் ஆள் காவல் போட்டார்கள். தேனீயை நம்பாமல் கையாலேயே மகரந்தச் சேர்க்கை செய்தார்கள்.

மௌனம் செடியைக் காப்பாற்றியது உண்மை. அதற்கு ஒரு விலையும் இருந்தது. ஒரே செடி, அதன் பூவுக்கு அதன் மகரந்தமே என்றால் பிறப்பதெல்லாம் நெருங்கிய இரத்தம். நல்ல வேளையாக, பழைய காலத்தில் காட்டிலிருந்து எடுத்துப்போய் நட்டவற்றின் வழிவந்த சில செடிகள் தோட்டங்களில் உயிரோடு இருந்தன. பிரிட்டனின் மூலம் உறுதியான அந்தச் செடிகளும் பிற்பாடு கலப்புக்குப் பயன்பட்டன. காட்டைக் காலிசெய்த பழக்கமே நாலு செடிகளை மிச்சம் வைத்திருந்தது. தோட்டக்காரர்கள் மேல் எனக்கிருந்த கோபம் இந்த இடத்தில் கொஞ்சம் தணிகிறது.

கியூவின் குடுவைகள்

1983இல் சர் ராபர்ட் செயின்ஸ்பரி, லேடி லிசா செயின்ஸ்பரி தம்பதியின் நிதியுதவியோடு லண்டன் கியூ தாவரவியல் பூங்காவில் ஆர்கிட் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. பிரிட்டனின் வேறு சில ஆர்கிட்களில் அவர்கள் கண்டது நேர்வழி. வேரிலிருந்து பூஞ்சையைப் பிரித்து, தட்டில் வளர்த்து, அதோடு விதையைச் சேர்த்தால் முளை வரும். லேடீஸ் ஸ்லிப்பரிடம் அது பலிக்கவில்லை. வேர்களில் பூஞ்சை இருந்தது. ஆனால் முளையை ஊட்டக்கூடிய பூஞ்சை கையில் அகப்படவில்லை.

மாற்று வழி, பூஞ்சையே இல்லாமல் அதன் வேலையை நாம் செய்வது. இதில் மூன்று முட்டுக்கட்டைகள் இருந்தன.

முதலாவது விதையின் தோல். முற்றிய விதையின் உறை தண்ணீரையே உள்ளே விடாது. முளைப்பைத் தடுக்கும் பொருள்களும் சேர்ந்திருக்கும். ஆகவே காய் வெடிக்கும் வரை காத்திருக்கக் கூடாது. மகரந்தம் சேர்ந்து சில வாரங்களில், காய் பச்சையாக இருக்கும்போதே அறுத்து, வெளிப்புறத்தைக் கிருமி நீக்கி, உள்ளிருக்கும் வெள்ளைப் பருவ விதைகளை நேராகக் குடுவையில் தூவ வேண்டும். நாள் முந்தினால் கரு உருவாகியிருக்காது. பிந்தினால் உறை இறுகிவிடும். இடைவெளி குறுகியது.

இரண்டாவது சாப்பாடு. திசு வளர்ப்பில் வழக்கமாகப் போடும் நைட்ரேட் உப்புகள் இந்த முளைகளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்வீடனில் தன் சொந்த முயற்சியில் ஆர்கிட்களை முளைக்க வைத்துக்கொண்டிருந்த ஸ்வாந்தே மால்ம்கிரெனின் வழிமுறை இங்கே கைகொடுத்தது. அவருடைய கலவையில் நைட்ரஜன் அமினோ அமிலமாகவே போகும். மருத்துவமனையில் வாயால் சாப்பிட முடியாத நோயாளிக்கு நரம்பில் ஏற்றும் திரவமே அதற்குப் போதும். கூடவே சர்க்கரை, அன்னாசிப் பழச்சாறு. கேட்டால் சமையல் குறிப்பு போல இருக்கிறது. ஆனால் பூஞ்சை செய்யும் வேலையைப் பற்றி இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம். சிக்கலான உணவைச் செரித்து எளிய வடிவில் ஊட்டும் ஒரு தாயைத்தான் இந்த விதை எதிர்பார்க்கிறது.

மூன்றாவது குளிர். இருட்டில் முளைத்து உருண்டையாகி, பிறகு குருத்தும் வேரும் விட்ட நாற்று அப்படியே நின்றுவிடும். எத்தனை வெதுவெதுப்பாக வைத்தாலும் மேலே வளராது. மூன்று மாதம் போல ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால்தான் உறக்கம் கலைந்து இலை விரிக்கும். வடக்கத்திக் காட்டின் குளிர்காலத்தை அது உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறது. பனி விழும் மலைக்காட்டுச் செடியை வெப்பநாட்டு வீட்டுத் தோட்டத்தில் என்ன நிழல் கொடுத்தும் நிலைநிறுத்த முடியாமல் போவதற்கும் இதுவே காரணம். நிழல் வெயிலைக் குறைக்கும். குளிர்காலத்தை அதனால் உண்டாக்க முடியாது.

குடுவையிலிருந்து மண்ணுக்கு

1980களின் இறுதியில் நாற்றுகள் கைக்கு வந்துவிட்டன. முளைப்பு என்ற புதிர் தீர்ந்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பது இயல்பு. உண்மையில் வேலை அங்கேதான் தொடங்கியது. 1989 முதல் நட்டவற்றில் நிறையச் செத்தன. சிலதை ஓடில்லா நத்தைகள் ஒரே இரவில் முடித்தன. சுண்ணாம்புப் பாறைக்கு மேல் மெலிதாகக் கிடக்கும் மண் ஒரு வறட்சியில் காய்ந்துபோனது. குடுவையில் ஊட்டி வளர்த்த வேருக்கு மண்ணில் பூஞ்சையோடு உறவு ஏற்பட வேண்டும். அதற்குள் சேமிப்புத் தீர்ந்தால் செடி போய்விடும்.

படிப்படியாக எட்டிய தீர்வு எளிமையானது: சின்ன நாற்றைக் காட்டுக்கு அனுப்பாதே. தொட்டியில் சில ஆண்டுகள் வைத்து, வேர்த்தண்டு தடித்து, அடுத்த ஆண்டுக்கான மொட்டு திரண்ட பிறகு நடு. இந்த நடுக்கட்டத்தில் தோட்டக்காரரின் கை மறுபடி தேவைப்பட்டது. ஆய்வகம் விதையை முளைக்க வைக்கும். தொட்டியில் தினம் எட்டிப் பார்த்து நத்தை பொறுக்குவது வேறு வகை உழைப்பு.

நட்ட இடத்தின் நிழலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நிழல் தோட்டம் என்றதும் பலர் இருட்டு மூலையைத் தேடுகிறார்கள். இந்தச் செடியின் சொந்த இடம் அப்படிப்பட்டதல்ல. வடக்கு இங்கிலாந்தின் சுண்ணாம்புக்கல் சரிவுகளில் ஆஷ் மரமும் ஹேசல் புதரும் இடைவெளி விட்டு நிற்கும் காடு, காலை வெயிலும் மாலை வெயிலும் பொட்டுப் பொட்டாகத் தரையில் விழும், உச்சிவெயில் படாது. ஹேசல் அடர்ந்து மேலே மூடிவிட்டால் செடி உடனே சாகாது. அதுதான் ஏமாற்று. இலை மட்டும் விட்டுக்கொண்டு, பூக்காமல், ஆண்டுக்கு ஒரு குருத்தாகக் குறைந்துகொண்டே போகும். பார்க்கிறவர் செடி நலமாக இருப்பதாக நினைத்துக்கொள்வார். மாறாக, மரத்தை ஒட்ட வெட்டினால் புல் மண்டி வேர்களின் ஈரத்தைக் குடித்துவிடும். இடைவழி, புதர்களை ஒரே சமயத்தில் அழிக்காமல் பகுதி பகுதியாக அடிவரை வெட்டி மறுபடி தழைக்க விடுவது. கூடவே ஆடும் முயலும் நுழையாதபடி வேலி.

இந்த அனுபவத்திலிருந்து குளிர்நாட்டுத் தோட்டக்காரர்கள் எடுத்துக்கொண்டது கணிசம். மொட்டு மண்ணுக்கு ஓரிரு சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். ஆழப் புதைத்தால் அழுகும். வேர்களைக் கீழ்நோக்கித் திணிக்காமல் சுற்றிலும் பரப்பி வைக்க வேண்டும். கலவையில் பெர்லைட், பியூமிஸ் போன்ற கல்வகை அதிகம், இலைமக்கு கொஞ்சம். கோடையில் ஈரம் குறையக் கூடாது, குளிர்காலத்தில் தண்ணீர் தேங்கக் கூடாது. உரம் நீர்க்க நீர்க்க. நட்ட பிறகு இடம் மாற்றும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். எல்லாவற்றிலும் கடினமானது கடைசி விதிதான்.

2000இன் பூ

நடத் தொடங்கிப் பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு செடி பூத்தது. கொண்டாட வேண்டிய செய்திதான். ஆனால் ஒரு பூவை வைத்து என்ன தெரிந்தது? நாற்று பிழைக்கும், வளர்ந்து முதிரும் என்பது தெரிந்தது. தேனீ வருமா, காய் பிடிக்குமா, விதை விழும் மண்ணில் அந்தப் பூஞ்சை இருக்கிறதா, விழுந்தது முளைக்குமா என்ற நான்கும் அப்படியே பாக்கி. ஆய்வகத்தில் அமினோ அமிலம் ஊட்டிக் கடந்துவந்த தடையைக் காட்டில் பூஞ்சைதான் நீக்க வேண்டும். நட்ட செடி மட்டுமே நின்றுகொண்டிருந்தால் அந்த இடத்துக்குக் காடு என்று பெயர் சொல்லலாமே தவிர, நடப்பது தோட்ட வேலைதான். ஆள் நிறுத்திக்கொண்டால் செடியும் நின்றுவிடும்.

அதே ஆண்டுகளில் மறுபக்கக் கதையும் ஓடிக்கொண்டிருந்தது. லங்காஷயரின் சில்வர்டேலில் கோல்ஃப் மைதானத்தை ஒட்டி நின்ற ஒரு செடி ஊரறிந்தது. அது பிரிட்டனின் பூர்வீகம்தானா, யாரோ ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து வைத்ததா என்ற சர்ச்சை வேறு. 2004இல் அதைத் தோண்டப் பார்த்து ஒரு பகுதியை நாசமாக்கினார்கள். 2010இல் அது பூக்கும் நாட்களில் காவல்துறை பாதுகாப்புக் கொடுத்தது. 1981ஆம் ஆண்டுக் காட்டுயிர்ச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கும் செடிக்கே இந்த நிலை.

திருட்டைக் குறைத்ததில் சட்டத்தைவிடக் கடைக்குப் பங்கு அதிகம் என்று நான் நினைக்கிறேன். விதைவழி வளர்ப்பு கைவந்ததும் ஜெர்மனி போன்ற நாடுகளின் நாற்றுப் பண்ணைகள் சைப்ரிபீடியம் கலப்பினங்களை வளர்த்து விற்கத் தொடங்கின. கலப்பினம் தாய்ச் செடியைவிடத் திடமானது, சீக்கிரம் பூக்கும், தோட்ட மண்ணை அனுசரித்துக்கொள்ளும். ஆசைப்பட்டவருக்குக் காசு கொடுத்தால் கிடைக்கும் என்ற நிலை வந்த பிறகு, இரவில் மண்வெட்டியோடு போகக் காரணம் குறைகிறது. கூடவே அதே லங்காஷயரின் கேட் பாரோஸ் இயற்கைக் காப்பகத்தில் பொதுமக்கள் பார்க்கும்படியே செடிகளை நட்டார்கள். மௌனத்தால் காத்த செடியைக் காட்சிக்கு வைத்தது துணிச்சல். சரியான துணிச்சல் என்பேன். ஒரு செடியைப் பார்த்தே இராத மக்களிடம் அதற்காகக் காட்டைப் பராமரிக்கச் சொல்லிப் பயனில்லை.

2025இன் செய்தி

மறுநடவு தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆன பிறகு, யார்க்‌ஷயரில் நட்ட செடிகளின் விதையிலிருந்து தானாக முளைத்த புதுச் செடி காணப்பட்டதாக 2025இல் அறிவித்தார்கள். மேலே சொன்ன நான்கு கேள்விகளுக்கும் ஒரே நேரத்தில் பதில். தேனீ வந்திருக்கிறது, காய் பிடித்திருக்கிறது, பூஞ்சை மண்ணில் இருக்கிறது, முளை தப்பியிருக்கிறது. கண்ணில் பட்டது அந்த ஆண்டு என்றாலும் விதை விழுந்தது அதற்குப் பல ஆண்டுகள் முன்பாகத்தான் இருக்க வேண்டும். திட்டம் தோற்றுக்கொண்டிருப்பதாக ஒருவர் நினைத்திருக்கக்கூடிய காலத்திலேயே மண்ணுக்குள் அது நடந்துகொண்டிருந்திருக்கிறது. நிதி கொடுப்பவர்கள் மூன்று ஆண்டுக்கொரு முறை அறிக்கை கேட்கும் உலகத்தில் இப்படிப்பட்ட செடியை எப்படி மதிப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. நட்டது எத்தனை, பூத்தது எத்தனை என்று எண்ணுவது சுலபம். அறிக்கைகளில் அவைதான் வரும். நாற்றைத் தேடி மண்டியிட்டு இலைச்சருகை விலக்கிப் பார்ப்பவருக்கு அட்டவணையில் கட்டம் இல்லை.

இதை நம் தோட்டங்களுக்கும் பொருத்திப் பார்க்கலாம். காட்டுத்தரைச் செடியை வைத்திருப்பவர்கள் பலர் சருகைக் கூட்டி எரித்து, மண்ணைக் கிளறி, பூ உதிர்ந்ததும் காயைக் கிள்ளிவிடுகிறார்கள். தாய்ச்செடி நன்றாகவே இருக்கும். பக்கத்தில் ஒரு குட்டிகூட வராது. சருகைக் கிடக்க விட்டு, இரண்டு காயை முற்ற விட்டு, களை பிடுங்கும் முன் ஒருமுறை உற்றுப் பார்த்தால் என்ன நடக்கிறது என்பதைச் சோதிக்கச் செலவேதும் இல்லை.

யார்க்‌ஷயரில் அடுத்த சிக்கல் தலைக்கு மேலே இருக்கிறது. ஆஷ் மரங்களைக் கருகவைக்கும் பூஞ்சை நோய் பிரிட்டனில் 2012இல் கண்டறியப்பட்டது. சுண்ணாம்புக்கல் காடுகளில் ஆஷ்தான் முக்கிய மரம் என்பதால் அங்கே பாதிப்பு கடுமை. மரம் பட்டுப்போகும் இடங்களில் நிழல் கிழிகிறது, தரையில் புல்லும் முட்புதரும் ஏறுகின்றன. ஹேசலை இனி வெட்டாமல் விடுவதா, வேறு மரம் நடுவதா, எந்த மரத்தின் சருகு இந்தச் செடிக்கும் அதன் பூஞ்சைக்கும் ஒத்துப்போகும் என்பதையெல்லாம் இடத்துக்கு இடம் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. மரம் வளர்ந்து நிழல் தரும் வேகத்துக்கும் இந்தச் செடி முளைத்துப் பூக்கும் வேகத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை. இன்று நடும் கன்றின் நிழலில் நிற்கப்போவது, இனிமேல் விழ இருக்கும் விதைகளின் செடிகள்.